வறட்சியைத் தாங்கும் கலப்பினச் சோளம்: எதைப் பார்த்து வாங்குவது?

பசறைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்கள் அரை ஏக்கர் மேட்டுக்காணியில், கோழித்தீனிக்கு விற்பதற்காகச் சிறுபோகத்தில் சோளம் போடப் போகிறோம். வறட்சி தாங்கும் என்று கடையில் இரண்டு மூன்று கலப்பின விதைகளைக் காட்டுகிறார்கள். எதை வாங்குவது?"

பெயரைப் பார்க்கும் முன் நாட்களை எண்ணிப் பாருங்கள். ஊவாவில் மார்ச், ஏப்ரல் மாத மழைக்குப் பின், தென்மேல் பருவக்காற்று மத்திய மலைகளைத் தாண்டி ஈரமிழந்து இறங்குவதால், ஜூன் முதல் நிலம் காயத் தொடங்கிவிடும். சோளம் இளம் பருவத்தில் இலை சுருண்டு வாடினாலும் மழை கிடைத்தால் பெரும்பாலும் தேறிவிடும். ஆனால் பூக்கும் நேரத்தில் நீர் தட்டுப்பட்டால், ஆண்பூ மகரந்தத்தைக் கொட்டி முடிக்கும்வரை கதிரின் பட்டு நூல்கள் வெளிவராமல் பிந்திவிடுவதால், கதிரில் மணி பிடிக்காது. அந்த இழப்பைப் பின்னர் பெய்யும் எந்த மழையும் ஈடு செய்யாது. எனவே, வறட்சியிலும் ஆண்பூவும் பட்டு நூலும் சில நாள் இடைவெளிக்குள் வருகின்றனவா என்பதே ஓர் இனத்தின் உண்மையான தாங்குதிறனைக் காட்டும். இதைத்தான் விற்பவரிடமும், அந்த இனத்தை உங்கள் பகுதியில் பயிரிட்டவர்களிடமும் கேட்க வேண்டும்.

அடுத்தது வயது. பக்கெற்றில் போட்டிருக்கும் நாட்கள் பெரும்பாலும் சூடான தாழ்நிலத்துக்குரியவை. மலையின் குளிரில் அதே இனம் பிந்திப் பூக்கும். ஆகவே சிறுபோகத்துக்குக் குறுகிய வயது இனத்தையே தெரிவு செய்து, முதல் மழை மண்ணை நன்றாக நனைத்தவுடன் விதைத்து, மே மாதத்துக்குள் பூக்க விடுங்கள். நீண்ட வயதுள்ள, விளைச்சல் கூடிய இனங்களைப் பெரும்போகத்துக்கு வைத்துக்கொள்வதே என் அபிப்பிராயம்.

இடைவெளி வழக்கமாக 60 சதமமீற்றருக்கு 30 சதமமீற்றர், குழிக்கு ஒரு செடி. மண் ஆழமற்ற சரிவில் இதைவிட நெருக்கினால் செடிகள் ஒன்றின் நீரை ஒன்று பறிக்கும். 2018 இன் பிற்பகுதியிலிருந்து நாட்டில் பரவிய, சோளக் குருத்துக்குள் இருந்து தின்னும் படைப்புழுவை வறட்சி தாங்கும் தன்மை தடுக்காது; ஆகவே முளைத்த நாளிலிருந்தே குருத்தை விரித்துப் பாருங்கள்.

கலப்பினத்தின் மணியை அடுத்த போகத்துக்கு விதையாக எடுக்க வேண்டாம். செடிகள் ஒரே சீராக வராது, விளைச்சலும் குறையும். ஒவ்வொரு முறையும் விதை வாங்கக் கையில் காசு இராதென்றால், பத்ரா போன்ற, அறுவடை மணியையே மீண்டும் விதைக்கக்கூடிய திறந்த மகரந்தச் சேர்க்கை இனமே உங்களுக்கு உகந்தது; அதன் விதை கிடைக்குமா என்று உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் விதைப்புக்கு முன்னரே விசாரியுங்கள்.