சாகிற இடத்தில் நிறுத்திவிடும் பாட்டி

அன்புள்ள அண்ணா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். சொந்த ஊர் வெள்ளகோவில் பக்கம். 2020 ஊரடங்கில் கம்பெனியை மூடியதும் குடும்பத்தோடு ஊருக்கு வந்துவிட்டோம். அம்மா தினமும் பொழுதுசாய, பேரப்பிள்ளைகளை உட்காரவைத்து எங்கள் கொங்குப் பக்கத்து அண்ணமார் கதை சொல்லுவார். அந்தக் கதையின் நாயகர்களான அண்ணன் தம்பி, பொன்னரும் சங்கரும் சாகிற இடம் வந்தால் நிறுத்திவிடுவார். "அதைக் கோயில்லதான் கேக்கோணும் கண்ணு, ஊட்ல சொல்லப்படாது" என்பார். அந்த மாதங்களைப் பிள்ளைகள் பயமில்லாமல் தாண்டியது அந்தக் கதையால்தான் என்கிறாள் என் மனைவி. எனக்குச் சந்தேகம். வேலையில்லை, கையில் காசில்லை, கதை என்ன செய்துவிடும்? நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதுதானே?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பிக்கு,

கதை சோறு போடாது. அன்றைக்குச் சோறு போட்டது ரேஷன் அரிசி. உங்கள் அம்மாவுக்கும் இது தெரியும்.

ஆனால் ஏமாற்றுகிற கதை என்றால் கடைசியில் எல்லாம் நல்லபடியாக முடியவேண்டுமே. அண்ணமார் கதை அப்படியா இருக்கிறது? எங்கள் பக்கத்துப் பாட்டில் தொடக்கமே பஞ்சம்தான். மழை பொய்த்து, பிழைப்புத் தேடி ஊரைவிட்டுக் கிளம்புகிறார்கள். அப்புறம் அண்ணமாரின் அப்பா குன்னுடையானைப் பங்காளிகள் படுத்தும் பாடு. அவர் மனைவி தாமரை தவமிருந்து வாங்கிவந்த பிள்ளைகளுக்கோ ஆயுசு பதினாறே வருஷம். பிறக்கும் முன்பே அது முடிவாகிவிடுகிறது.

சின்ன வயதில், உடுக்கைப் பாட்டுக்காரர் அந்தப் பஞ்சத்துக்கு வந்ததும் திண்ணையிலிருந்து எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, "இது தாது வருசம்" என்பார். தாது வருஷப் பஞ்சம் 1876 முதல் 78 வரை; கோயமுத்தூர், சேலம் ஜில்லாக்களைக் காயப்போட்டது. அப்பாரு பிறப்பதற்கு முன்பே முடிந்துபோனது. கதையில் வருவது அதற்கும் வெகுகாலம் முந்தியது. அவருக்கு இரண்டும் ஒன்றுதான். வந்தது, போனது, நாம் இங்கே உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறோம் என்கிற கணக்கு.

சரி, அம்மா ஏன் நிறுத்துகிறார்? அண்ணமார் சாகிற இடத்தைக் கோயிலில் நடத்திக்காட்டுகிற படுகளம் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் பார்த்ததில் ஒன்றைச் சொல்கிறேன். உடுக்கை வேகமெடுத்தது. சங்கர் விழுகிற அடி வந்ததும், கூட்டத்தில் நின்ற பையன்கள் கட்டைபோலச் சாய்ந்தார்கள். பின்னால் நின்றவர்கள், தலை தரையில் மோதாமல் தாங்கி, வரிசையாகக் கிடத்தி வெள்ளை வேட்டி போர்த்தினார்கள். ஒருவன் எங்கள் எதிர்வீட்டுப் பையன், லாரிக் கிளீனர். வேட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால் பெருவிரலில் தார் ஒட்டியிருந்தது. அவன் அம்மா அந்தக் காலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அண்ணமாரின் தங்கை தங்காளாக வந்தவர் தீர்த்தம் தெளித்ததும் எழுந்தான். எழுந்தவன் முதலில் கேட்டது டீ.

விழுகிறவனைத் தாங்க ஆள் வேண்டும், அழ ஆள் வேண்டும், எழுப்ப ஆள் வேண்டும். அம்மா இதை யோசித்து நிறுத்தினார் என்று நான் சொல்லவில்லை. கேட்டால் "ஆகாது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு நாலு பேர் உட்கார்ந்திருந்த வீட்டில், அந்தப் பகுதியை மட்டும் ஊருக்கென்று எடுத்து வைத்தாரே! ஊர் மறுபடியும் கூடும் என்று நம்புகிற ஆள்தான் அப்படி வைப்பார். பிள்ளைகளின் பயம் குறைந்தது இதனால் இருக்கலாம்.

2021 மே மாதம் எங்கள் பெரியம்மாவின் தம்பி ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தார். உடம்பைக் காட்டவில்லை. பெரியம்மா ரெண்டு நாள் வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள், வேறு வேறு ஊரிலிருந்த தங்கச்சிகள் மூன்று பேரையும் ஒரே போனில் சேர்த்துவிடச் சொன்னார். போனை மடியில் வைத்துக்கொண்டு, தங்காள் படுகளத்தில் அண்ணன்மாரைத் தேடி அழுகிற அழுகையைத் தொடங்கினார். அந்தப் பக்கம் மூன்று குரல். வீட்டில் சொல்லப்படாது என்று எங்களை அதட்டியவர் அவர்தான்.

ஊரையே ஒன்றாக்கும் கதை என்று நான் உருகினால் நம்பாதீர்கள். தலையூர்க் காளி என்ற தலைவன் இந்தக் கதையில் எதிரி. அவரைத் தங்கள் முன்னோராகக் கும்பிடுகிறவர்களும் இதே கொங்கில் இருக்கிறார்கள். கூடவே நின்று சண்டைபோட்ட சாம்புகனின் சாதிக்காரர்கள், கோயிலில் எவ்வளவு தூரத்தில் நின்றார்கள் என்பதும் நமக்குத் தெரியும். கதையைச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

பிரெண்டா பெக் என்ற கனடா ஆய்வாளர் 1965இல் காங்கேயம் பக்கம் தங்கி இந்தக் கதையை ஒலிநாடாவில் பதிந்தார். அதைப் பிள்ளைகளுக்குப் போட்டுவிடலாமா என்று யோசிக்காதீர்கள், அம்மா விடமாட்டார். மாசியில், மணப்பாறை பக்கம் அண்ணமார் கோயில் இருக்கிற வீரப்பூர்த் திருவிழாவுக்கு எல்லோரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மீதிக் கதையை அங்கே கேட்கட்டும். திரும்பும்போது மணப்பாறையில் முறுக்கு வாங்க மறந்துவிடாதீர்கள்.