ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்கிறார்கள், அணைக்கலாமா?

கேள்வி: பணம் கட்டி வாங்கிய வீடியோ எடிட்டிங் புரோகிராம் ஒன்றை அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே டவுன்லோடு செய்தேன். திறந்ததும் விண்டோஸ் ஒரு நீலப் பெட்டியைக் காட்டி எச்சரித்தது. அதைத் தாண்டிப் போனால், இன்ஸ்டலேஷன் பாதியில் ஒரு டிஎல்எல் ஃபைல் இல்லை என்று நின்றுவிட்டது. மறுபடி முயன்றபோது எப்படியோ இன்ஸ்டால் ஆகிவிட்டது. ஆனால் லைசென்ஸ் கீயைக் கொடுத்தால் 'சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை' என்கிறது. பிரௌசரில் அதே நிறுவனத்தின் தளம் நன்றாகவே திறக்கிறது. உதவிப் பிரிவில் கேட்டால், ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு முயலுங்கள் என்கிறார்கள். செய்யலாமா? விண்டோஸ் 11 வைத்திருக்கிறேன், தனியாக வாங்கிய ஆன்டிவைரஸும் இருக்கிறது.

பதில்: இப்போதைக்கு அணைக்க வேண்டாம். உங்களுக்கு வந்திருப்பது மூன்று தனித்தனித் தடைகள், மூன்றையும் போட்டது ஒரே ஆள் அல்ல. எது தடுத்தது என்று பார்த்து அதை மட்டும் விலக்கினால் போதும்.

அணைப்பதில் ஆபத்து இருப்பது தெரிந்ததுதான். அதைவிட, அணைப்பது பெரும்பாலும் பலன் தருவதே இல்லை. விண்டோஸோடு வரும் டிஃபெண்டரின் ரியல்-டைம் பாதுகாப்பை நிறுத்தினால் சற்று நேரத்தில் அது தானாகவே மறுபடி ஓடத் தொடங்கிவிடும். மற்ற ஆன்டிவைரஸ்கள் பலவும் இத்தனை நிமிடம் என்று கெடு வைத்துத்தான் நிறுத்த விடுகின்றன. இன்ஸ்டால் ஆகும்வரை சும்மா இருந்துவிட்டு, விழித்ததும் தனக்குப் பிடிக்காத ஃபைலைத் தூக்கிவிடும். நேற்று ஓடிய புரோகிராம் இன்று திறக்கவில்லை என்ற புகார் இப்படியும் முளைக்கும்.

முதலில் அந்த நீலப் பெட்டி. அது விண்டோஸிலேயே இருக்கும் ஸ்மார்ட்ஸ்கிரீன் என்ற காவல் வசதியின் வேலை. பிரௌசர் ஒரு ஃபைலை இறக்கும்போது அதோடு 'இது இணையத்திலிருந்து வந்தது' என்று ஒரு சிறு குறிப்பை ஒட்டிவிடுகிறது. ஸ்மார்ட்ஸ்கிரீன் அந்தக் குறிப்பைப் பார்த்துவிட்டு, இந்த ஃபைலுக்கும் இதை வெளியிட்டவருக்கும் ஏற்கெனவே நல்ல பெயர் இருக்கிறதா என்று கேட்கிறது. புதிதாக வந்த பதிப்பு, குறைவான பேர் இறக்கியது என்றால் 'தெரியாது' என்று பதில் வரும், பெட்டியும் வரும். வைரஸ் என்று அது சொல்லவில்லை.

தாண்டிப் போகும் முன் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஃபைலின் மேல் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' தாவலைப் பாருங்கள். நிறுவனத்தின் பெயர் அங்கே சரியாக இருந்தால் 'மோர் இன்ஃபோ', அப்புறம் 'ரன் எனிவே'. தாவலே இல்லையென்றால் நிதானியுங்கள். கையெழுத்து இருந்துவிட்டால் எல்லாம் சுத்தம் என்றும் இல்லை: 2017இல் கணினியைச் சுத்தம் செய்யும் புரோகிராமான சிசிகிளீனரின் 5.33 பதிப்பு, செல்லுபடியாகும் கையெழுத்தோடு, நிறுவனத்தின் சொந்த சர்வரிலிருந்தே மால்வேரை, அதாவது தீங்கான நிரலை, சுமந்து வந்தது. எனவே இது முதல் வடிகட்டி மட்டும்.

பாதியில் காணாமல் போன டிஎல்எல் ஃபைல் (புரோகிராம் ஓடத் தேவையான துணை ஃபைல்) தான் ஆன்டிவைரஸின் கைவரிசை, அநேகமாக. இன்ஸ்டாலர் என்பது ஒரு மூட்டை. ஓடத் தொடங்கியதும் தன் உள்ளடக்கத்தை டெம்ப் என்ற தற்காலிக ஃபோல்டரில் அவிழ்த்துப் போட்டு, அங்கிருந்து எடுத்து உரிய இடத்தில் வைக்கும். மூட்டை கட்டியிருந்தபோது தெரியாதது அவிழ்ந்ததும் தெரிகிறது. ஆன்டிவைரஸ் பாய்ந்து ஒன்றை குவாரன்டைனில், அதாவது தனிச் சிறையில், போட்டுவிடுகிறது. இன்ஸ்டாலருக்கு இது தெரியாது, ஃபைல் இல்லை என்று மட்டும் சொல்லும்.

அதனால்தான், இறக்கிய செட்டப் ஃபைலை (இன்ஸ்டாலரை) மட்டும், 'இதைச் சோதிக்காதே' என்று ஆன்டிவைரஸிடம் சொல்லும் விலக்குப் பட்டியலில் சேர்த்துப் பலர் ஏமாந்து போகிறார்கள். பிடிபட்டது அந்த ஃபைல் அல்லவே. கோபத்தில் டெம்ப் ஃபோல்டரையே விலக்குப் பட்டியலில் சேர்ப்பவர்களும் உண்டு; தயவுசெய்து அது மட்டும் வேண்டாம். மால்வேரும் முதலில் வந்து இறங்குவது அங்கேதான்.

உங்கள் ஆன்டிவைரஸின் குவாரன்டைன் பட்டியலைத் திறங்கள். டிஃபெண்டர் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு அது 'புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி'யில் இருக்கும். இன்ஸ்டால் செய்த நேரத்துக்கு நேராக ஒரு பதிவு இருக்கும். அதில் ஃபைல் இருந்த பாதை, அபாயத்தின் பெயர் இரண்டையும் படியுங்கள். பெயரை யாரும் படிப்பதில்லை, விஷயமே அதில்தான் இருக்கிறது. டிஃபெண்டர் 'ட்ரோஜன்:வின்32/வாகாடக்.பி!எம்எல்' என்று காட்டுகிறது என்று வையுங்கள். கடைசியில் உள்ள '!எம்எல்' என்பது, இயந்திரக் கற்றல் மாதிரி ஒன்று ஃபைலின் சாயலைப் பார்த்துச் சந்தேகப்பட்டது என்பதற்கான அடையாளம். அப்பாவிகள் மாட்டிக்கொள்வது இங்கே அதிகம். 'பியூஏ' என்று தொடங்கினால், தீங்கான நிரல் என்பதைவிட, கேட்காமலே கூட வந்து ஒட்டிக்கொள்ளும் விளம்பரச் சரக்கு என்று பொருள். அதை விட்டுத் தொலைப்பது நல்லது. 'ஹேக்டூல்' என்று வந்தால் நீங்கள் இறக்கியது எங்கிருந்து என்பதை நீங்களே மறுபடி யோசிக்க வேண்டும். மற்ற ஆன்டிவைரஸ்கள் வேறு பெயர் வைத்தாலும், பெயருக்குள் 'ஜென்' அல்லது 'ஹியூர்' என்று வந்தால் அதுவும் சாயலை வைத்துச் சொன்னதாகவே இருக்கும்.

அடுத்து, செட்டப் ஃபைலை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றுங்கள். அளவு 650 எம்பிக்குள் இருக்க வேண்டும். எழுபதுக்குப் பக்கமான ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் அதைப் பார்த்துச் சொல்லும். அதிகம் கேள்விப்படாத ஒன்றிரண்டு மட்டும் சிவப்பு காட்டினால் தவறான எச்சரிக்கையாக இருக்கவே வாய்ப்பு. பெயர் பெற்றவை பலவும் சேர்ந்து காட்டினால் நிறுத்திவிடுங்கள், விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் சரி. பெரிய நிறுவனங்களும் தவறு செய்வதுண்டு: 2010 ஏப்ரலில் மெக்காஃபியின் ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த ஃபைலான எஸ்விசிஹோஸ்டையே வைரஸ் என்று பிடித்து, ஏராளமான கணினிகளை முடக்கிப் போட்டது.

எல்லாம் சுத்தம் என்று பட்டால், குவாரன்டைனில் உள்ள அந்த ஒரு பதிவை மட்டும் அனுமதியுங்கள். பாதி இன்ஸ்டால் ஆனதை முழுமையாக நீக்கிவிட்டு, கணினியை ரீஸ்டார்ட் செய்து, மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள். இரண்டாம் முறை 'எப்படியோ' ஆனதை நான் நம்பமாட்டேன்; ஏதாவது ஒரு ஃபைல் குறைந்திருக்கும். பிறகும் தொந்தரவு தொடர்ந்தால், புரோகிராம் ஃபைல்ஸுக்குள் அந்தப் புரோகிராமின் ஃபோல்டரை மட்டும் விலக்குப் பட்டியலில் சேருங்கள்.

இனி ஆக்டிவேஷன், அதாவது லைசென்ஸ் கீயைக் கொடுத்துப் புரோகிராமைச் செயல்படுத்துவது. பிரௌசரில் தளம் திறக்கிறது, புரோகிராமால் மட்டும் சர்வரை எட்ட முடியவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதுதான் முக்கியத் துப்பு. புரோகிராம் உங்கள் கீயையும் கணினியின் அடையாளத்தையும் மறையாக்கிய இணைப்பில் அனுப்பும். தனியாக வாங்கும் ஆன்டிவைரஸ்கள் பலவற்றில் 'ஹெச்டிடிபிஎஸ் ஸ்கேனிங்' என்று ஒன்று உண்டு. அது நடுவில் நின்று இணைப்பைப் பிரித்துப் பார்த்து, சர்வரின் அடையாளச் சான்றான சர்ட்டிஃபிகேட்டுக்குப் பதில் தன்னுடையதை நீட்டும். அதை நம்பும்படி விண்டோஸிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருப்பதால் பிரௌசர் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் ஆக்டிவேஷன் செய்யும் புரோகிராம்கள் சில தங்கள் சர்வரின் சர்ட்டிஃபிகேட்டை மட்டுமே நம்பும். வேறொன்றைக் கண்டால் இணைப்பைத் துண்டித்துவிட்டு, 'சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை' என்று ஒரு வரி சொல்லி முடித்துக்கொள்ளும். ஹெச்டிடிபிஎஸ் ஸ்கேனிங்கின் விலக்குப் பட்டியலில் அந்தப் புரோகிராமையோ ஆக்டிவேஷன் சர்வரின் முகவரியையோ சேருங்கள். உங்கள் விஷயத்தில் இதுவே தீர்வு என்பது என் கணிப்பு.

அது இல்லையென்றால் ஃபயர்வால். விண்டோஸின் ஃபயர்வால் வெளியே போகும் இணைப்புகளை இயல்பாகத் தடுப்பதில்லை. ஆனால் ஆன்டிவைரஸோடு வரும் ஃபயர்வால், என்றைக்கோ எழுந்த ஒரு கேள்விக்கு நீங்கள் அவசரமாக 'பிளாக்' அழுத்தியதை விதியாகவே எழுதி வைத்திருக்கும். விதிகளின் பட்டியலில் புரோகிராமின் பெயரைத் தேடிப் பாருங்கள். கணினியின் தேதி, நேரம் சரியா, விபிஎன் ஓடுகிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இதே புரோகிராமின் கிராக் பதிப்பு (லைசென்ஸ் இல்லாமல் ஓடும்படி உடைத்த திருட்டுப் பதிப்பு) எப்போதாவது இந்தக் கணினியில் இருந்ததா? கிராக்குகள் சில, ஆக்டிவேஷன் சர்வரை 127.0.0.1க்கு, அதாவது உங்கள் கணினிக்கே, திருப்பிவிடும் வரிகளை, எந்தத் தளப் பெயருக்கு எந்த முகவரி என்று குறித்துவைக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எழுதிவிட்டுப் போகும். கிராக்கை நீக்கினாலும் அந்த வரிகள் அங்கேயே கிடக்கும். விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டரில் டிரைவர்ஸ், அதற்குள் இடிசி என்று போய் ஹோஸ்ட்ஸ் ஃபைலை நோட்பேடில் திறந்தால் தெரியும். முன்னால் # குறி இல்லாமல் அந்த நிறுவனத்தின் பெயரோடு ஏதாவது வரி இருந்தால், நோட்பேடை நிர்வாகி அனுமதியோடு திறந்து அதை நீக்குங்கள். (கிராக்கையே இப்போதும் ஓட்டுபவர் என்றால், ஆன்டிவைரஸ் சரியாகத்தான் வேலை செய்கிறது, அதற்கு நான் வழி சொல்லப்போவதில்லை.)

ஆக்டிவேட் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். இத்தனை கணினி என்று எண்ணிக்கை வைத்திருக்கும் நிறுவனங்களில், ஒவ்வொரு மறு இன்ஸ்டலேஷனும் புதுக் கணினி என்று கணக்காகிவிடலாம்.

இதன் பிறகும் முடியவில்லை என்றால் உதவிப் பிரிவுக்கு மறுபடி எழுதுங்கள், இந்த முறை விவரத்தோடு: அபாயத்தின் பெயர், பிடிபட்ட ஃபைலின் பாதை, நேரம், ஆன்டிவைரஸின் பெயர், பதிப்பு. தவறான எச்சரிக்கை என்றால் அதை ஆன்டிவைரஸ் நிறுவனத்துக்கு அனுப்பித் திருத்த வேண்டியது அவர்கள் பொறுப்பு. அத்தோடு ஆஃப்லைன் ஆக்டிவேஷன் உண்டா என்று கேளுங்கள். இருந்தால், புரோகிராம் தரும் கோரிக்கைக் குறியீட்டை பிரௌசர் வழியாக அவர்கள் தளத்தில் கொடுத்து, வரும் லைசென்ஸ் ஃபைலை இறக்கிச் சேர்த்தால் போதும்.