கார்ட்டூன் குடும்பங்களில் யாருக்குமே வயதாகாதா?

பெரும்பாலும் ஆகாது. வாசகருக்குப் பழகிய முகத்தை மாற்றினால் வரைபவருக்குத்தான் தலைவலி. ஆனால் கனடாவின் லின் ஜான்ஸ்டன் வரைந்த 'ஃபார் பெட்டர் ஆர் ஃபார் வொர்ஸ்' என்ற பத்திரிகைத் தொடர் காமிக்ஸ் வேறு ரகம்.

1979இல் தொடங்கியபோது பேட்டர்சன் வீட்டில் அம்மா எல்லி, பல் டாக்டர் அப்பா ஜான், பிள்ளைகள் மைக்கேல், எலிசபெத் என்று நாலு பேர். (ஜான்ஸ்டனின் அப்போதைய கணவரும் பல் டாக்டர்தான், கதை எங்கிருந்து வந்தது என்று புரிகிறதா?) நிஜக் காலத்தோடு அவர்களும் வளர்ந்தார்கள். 1991இல் கடைக்குட்டி ஏப்ரல் பிறந்தாள். 2008இல் எலிசபெத்தின் கல்யாணத்தோடு கதை முடிந்தபோது மைக்கேலுக்கே இரண்டு குழந்தைகள்.

வயதானால் சாவும் வரும் அல்லவா? வீட்டு நாய் ஃபார்லியும் கிழடாகிவிட்டது. 1995இல் வெள்ளம் புரண்ட ஓடையில் விழுந்த நாலு வயது ஏப்ரலைக் காப்பாற்றிவிட்டு அது உயிரை விட்டது. காலைக் காபியோடு பேப்பரைப் பிரித்தவர்கள் இதை எதிர்பார்க்கவே இல்லை. ஜான்ஸ்டனுக்குக் கடிதங்கள் குவிந்தன.

கதை முடிந்த பிறகு என்ன செய்தார்கள்? பழைய படங்களை ஆங்காங்கே திருத்தி, முதலிலிருந்து மறுபடி வெளியிட்டார்கள். ஃபார்லியும் திரும்ப வந்தது, குட்டியாக.