வேலையில் இருந்துகொண்டே பட்டாளத்தில் சேரலாமா? பிராந்திய ராணுவம்: கேள்வி பதில்

பிராந்திய ராணுவம் (டெரிடோரியல் ஆர்மி) என்பது வேறு வேலையிலோ தொழிலிலோ இருப்பவர்கள் பகுதிநேரமாகச் சேரும் ராணுவப் பிரிவு. தனியார் நிறுவனம் ஒன்றில் பொறியாளராக இருந்துகொண்டே அதில் அதிகாரியாகவும் பணியாற்றுகிறேன். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படுபவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு வயது 34, சென்னையில் மென்பொருள் வேலை. காலம் கடந்துவிட்டதா, ஐயா?

இல்லை. அதிகாரிப் பணிக்கு 18 முதல் 42 வயதுவரை விண்ணப்பிக்கலாம். பட்டப்படிப்பு வேண்டும், வேலையோ சொந்தத் தொழிலோ, உங்களுக்கென்று வருமானம் வேண்டும். முப்படைகளிலோ காவல்துறையிலோ துணை ராணுவத்திலோ பணியில் இருப்பவர்கள் விண்ணப்பிக்க முடியாது. எழுத்துத் தேர்வு, எஸ்.எஸ்.பி. (ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நேர்காணல், மருத்துவப் பரிசோதனை என்று படிகள் இருக்கின்றன. வயதைவிட இடங்களின் எண்ணிக்கைதான் கவலைக்குரியது. 2025 அறிவிப்பில் நாடு முழுமைக்கும் 19 இடங்கள்தான். எழுத்துத் தேர்வில் பள்ளிக் கணக்கு வரும்; பத்தாண்டுகளாகக் கணினி முன் உட்கார்ந்தவர்களுக்கு அது மறந்திருக்கும். படிப்பை அங்கிருந்து தொடங்குங்கள். ஓட்டப் பயிற்சியை அறிவிப்பு வரும்வரை தள்ளிப்போடாதீர்கள்.

கோவையில் மில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஆண்டுக்கு இரண்டு மாதம் போய்வந்தால் போதும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. விதிப்படி முதல் ஆண்டில் ஒரு மாத அடிப்படைப் பயிற்சி, முதல் ஆண்டு உட்பட ஆண்டுதோறும் இரண்டு மாதப் பயிற்சி. அதிகாரிகளுக்கு முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று மாதப் பயிற்சியும் உண்டு. அது நம் சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி மையத்தில் நடக்கும்.

மீதிப் பாதியைப் பலர் சொல்வதில்லை. தேவை வந்தால் படைப்பிரிவையே பணிக்கு அழைப்பார்கள். காலாட்படைப் பிரிவுகள் பல, காஷ்மீரிலும் வடகிழக்கிலும் நீண்ட காலம் பணியில் இருக்கின்றன. 2025 மே 6 அன்று பாதுகாப்பு அமைச்சகம் வெளியிட்ட அறிவிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பிராந்திய ராணுவத்தின் எல்லா அதிகாரிகளையும் வீரர்களையும் அழைக்கும் அதிகாரம் அதன் மூலம் ராணுவத் தலைமைத் தளபதிக்குத் தரப்பட்டது. 32 காலாட்படைப் பிரிவுகளில் 14 பிரிவுகளைப் பணியில் இறக்கவும் அது வழிசெய்தது. 2028 பிப்ரவரி 9 வரை அது செல்லும். இரண்டு மாதம் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டுப் போனவருக்கு ஓர் ஆண்டு கழித்தே திரும்பும் நிலை வரலாம். அதைத் தாங்குகிற வேலையும் வீடும் இருக்கிறதா என்று பார்த்தபிறகு விண்ணப்பியுங்கள்.

அப்படிப் போனால் முதலாளி வேலையைவிட்டு நீக்கிவிடமாட்டாரா? திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனத்தில் இருக்கிறேன்.

1948ஆம் ஆண்டின் பிராந்திய ராணுவச் சட்டத்தில் 7ஏ பிரிவை ஒருமுறை வாசியுங்கள். ராணுவப் பணிக்கு அழைக்கப்பட்டவர் திரும்பி வரும்போது, முன்பிருந்ததற்குக் குறையாத நிலையில் மீண்டும் வேலை தருவது முதலாளியின் கடமை என்கிறது அது. வருங்கால வைப்பு நிதி போன்ற உரிமைகளுக்கு 7பி பிரிவு காப்பு.

ஆனால் முதலாளி மறுத்தால் விவகாரம் அதற்கென உள்ள அதிகாரியிடம் போகும். அவர் வேலையைத் திரும்பத் தரச் சொல்லலாம், இழப்பீடு தரச் சொல்லலாம், முதலாளிக்கு விலக்கும் அளிக்கலாம். இழப்பீட்டின் உச்சவரம்பு ஆறு மாதச் சம்பளம். நாட்டுக்காகப் போனவனுக்கு இது மிகக் குறைவு என்பது என் உறுதியான கருத்து. இந்த வரம்பை உயர்த்த வேண்டும். அதுவரை, விண்ணப்பிக்கும் முன்பே நிறுவனத்திடம் பேசி எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். தயங்குகிற முதலாளியிடம் சட்டத்தைக் காட்டுவதைவிட, நீங்கள் இல்லாதபோது உங்கள் வேலையை யார் பார்ப்பார் என்ற திட்டத்தோடு போய்ப் பேசுவது பலன் தரும். அரசு, பொதுத்துறை ஊழியர்கள் துறையின் தடையின்மைச் சான்றுக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள். அந்தக் கோப்பு மெதுவாகத்தான் நகரும்.

நான் மதுரையில் ஆசிரியை. பெண்களுக்கு இடம் உண்டா?

உண்டு. 2018 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்புதான் கதவைத் திறந்தது. ஆனால் நான் மேலே சொன்ன 19 இடங்களில் பெண்களுக்கு ஒன்றே ஒன்று. தகுதியுள்ள பெண்கள் இத்தனை பேர் இருக்கும்போது இதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இருந்தாலும் எழுதுங்கள், அம்மா. விண்ணப்பங்கள் குவிந்தால்தான் இடங்களைக் கூட்டச் சொல்லிக் கேட்க முடியும்.

பத்தாம் வகுப்புதான் படித்திருக்கிறேன். திருச்சியில் மெக்கானிக்காக இருக்கிறேன், அண்ணா.

தம்பி, உங்களுக்கு வழி ஆள்சேர்ப்பு முகாம். கோவையில் 110ஆவது மெட்ராஸ் காலாட்படைப் பிரிவும், உங்கள் ஊரிலேயே 117ஆவது கார்ட்ஸ் பிரிவும் இருக்கின்றன. முகாமில் 1.6 கிலோமீட்டர் ஓட்டம் முதலில் வரும். பெரும்பாலோர் வெளியேறுவது அங்கேதான்.  தேர்வில் தேர்ச்சிபெற வைப்பதாகவோ முகாமில் இடம் வாங்கித் தருவதாகவோ யாராவது பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

வேலூர் பக்கம் எங்கள் ஊர். மகனுக்கு வங்கியில் நல்ல வேலை. இதில் உயிருக்கு ஆபத்து உண்டா? மறைக்காமல் சொல்லுங்கள்.

உண்டு, அம்மா. 1962, 1965, 1971 போர்களில் பிராந்திய ராணுவம் பணியாற்றியது, இலங்கைக்கும் போனது. துப்பாக்கி ஏந்திய பணி என்றால் ஆபத்தும் கூடவே வரும். பணியில் அழைக்கப்பட்டிருக்கும் காலத்தில் சம்பளமும் படிகளும் மருத்துவமும் முழுநேர ராணுவத்தினருக்கு உள்ளவையே. உங்கள் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை போன்ற, வீட்டுக்கு வீடு ராணுவத்தினர் உள்ள ஊர்களின் தாய்மார்களுக்கு இந்தக் கவலை பல தலைமுறைப் பழக்கம்; அவர்களில் ஒருவரோடு பேசிப் பாருங்கள். என்னைவிட அவர் நன்றாகச் சொல்வார்.

ஓய்வூதியம் கிடைக்குமா?

அதை நம்பிச் சேராதீர்கள். அதிகாரிக்கு 20 ஆண்டு, வீரருக்கு 15 ஆண்டு வேண்டும். உண்மையில் பணியில் இருந்த நாட்களை மட்டும் கூட்டுவார்கள். ஆண்டுக்கு இரண்டு மாதம் போகிறவரால் அதை எட்ட முடியாது. பணியில் இல்லாத மாதங்களுக்குச் சம்பளமும் இல்லை.

நான் சேலத்தில் கல்லூரி மாணவன். தோனி மாதிரி சேர முடியுமா?

தோனிக்கு 2011இல் தரப்பட்டது கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி. கபில் தேவ், மோகன்லால் ஆகியோருக்கும் அப்படித்தான். தோனி அதைப் பெயரளவில் வைத்துக்கொள்ளவில்லை. பாராசூட் பயிற்சி எடுத்தார், 2019இல் காஷ்மீரில் தன் பிரிவோடு இருந்தார். ஆனாலும் உங்களுக்கு அந்த வழி இல்லை. தேர்வின் வழியே லெப்டினன்டாகத்தான் நுழைய முடியும். இப்போது உங்களுக்கு வருமானம் இல்லாததால் விண்ணப்பிக்கவும் முடியாது. படிப்பை முடியுங்கள், கல்லூரியில் என்.சி.சி. இருந்தால் சேருங்கள். முழுநேரப் பட்டாளம்தான் ஆசை என்றால் முதலில் முப்படை அதிகாரிகளுக்கான சி.டி.எஸ். தேர்வை எழுதுங்கள், அதற்கு வயது வரம்பு சீக்கிரம் முடிந்துவிடும். பிராந்திய ராணுவத்துக்கு 42 வரை அவகாசம் இருக்கிறது.