மேஸ்திரியிடம் அனுப்புவதா, ஐடிஐயில் சேர்ப்பதா?

கேள்வி: நான் கொத்தனார். பத்தாம் வகுப்பு தேறிய என் மகனுக்கு வயது 16. கட்டட வயரிங் வேலை கற்க ஆசைப்படுகிறான். தெரிந்த மேஸ்திரி நாளைக்கே அனுப்பச் சொல்கிறார். அரசின் தொழிற்பழகுநர் (அப்ரெண்டிஸ்) பயிற்சிக்கு எப்படி விண்ணப்பிப்பது? அதில் வரும் பணம் சித்தாள் கூலியைவிடக் குறைவாமே? (திண்டிவனம் வாசகர்)

பதில்: குறைவுதான், மறைப்பதற்கில்லை. 2019 விதிகளின்படி, ஐடிஐ முடித்த தொழிற்பழகுநருக்கு முதலாண்டில் மாதம் குறைந்தது 7,000 ரூபாய். பத்தாம் வகுப்போடு நேரே சேர்ந்தால் 6,000. பயிற்சி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளில் நடப்பிலுள்ள தொகையை 'அப்ரெண்டிஸ்ஷிப் இந்தியா' இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மேஸ்திரியிடம் போனாலும் கை பழகும். நீங்களும் அப்படித்தான் ரசமட்டம் பிடிக்கக் கற்றிருப்பீர்கள். ஆனால் பத்து ஆண்டு வேலை செய்த பிறகும், அவன் என்ன கற்றான் என்பதற்கு மேஸ்திரியின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி இராது.

இப்போதே விண்ணப்பிக்க வேண்டாம் என்பது என் கருத்து. சட்டப்படி 14 வயதானால் தொழிற்பழகுநராகலாம். ஆபத்தான தொழில்களுக்கு மட்டும் 18 நிரம்ப வேண்டும். சாரத்தில் ஏறவும் மின்சாரத்தில் கை வைக்கவும் வேண்டிய வேலைக்குப் பதினாறு வயதுப் பையனை அனுப்ப எனக்கே மனம் வராது. அரசு ஐடிஐயில் எலக்ட்ரீஷியன், வயர்மேன் இரண்டும் ஈராண்டுப் படிப்புகள். முடிக்கும்போது அவனுக்குப் பதினெட்டாகிவிடும், பயிற்சித் தொகையும் கூடும். நீங்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தால், பிள்ளையின் ஐடிஐ படிப்புக்குக் கல்வி உதவித்தொகை கேளுங்கள். பதிந்தும் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

படிப்பு முடிந்ததும் மத்திய அரசின் 'அப்ரெண்டிஸ்ஷிப் இந்தியா' தளத்தில் அவன் பெயரைப் பதிய வேண்டும். ஆதார், மதிப்பெண் சான்று, ஐடிஐ சான்று, கைப்பேசி எண், மின்னஞ்சல், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு ஆகியவை தேவை. நம்மூர்ப் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இனிஷியல். ஆதாரில் 'மு. செல்வம்', மதிப்பெண் சான்றில் 'செல்வம் முருகன்' என்றிருந்தால் பதிவு அங்கேயே நின்றுவிடும். இதை இந்த விடுமுறையிலேயே சரிசெய்யுங்கள்.

பதிந்தால் மட்டும் இடம் கிடைத்துவிடாது. நிறுவனங்களைத் தேடித் தேடி விண்ணப்பிக்க வேண்டும். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தொழிற்பழகுநர்களைச் சேர்த்தே ஆக வேண்டும் என்பது சட்டம். சிறிய ஒப்பந்தக்காரரைவிட அத்தகைய கட்டுமான நிறுவனத்தையே முதலில் நாடுங்கள். அரசு ஐடிஐகளில் நடக்கும் தொழிற்பழகுநர் சேர்க்கை முகாம்களுக்கும் சான்றிதழ் நகல்களோடு அனுப்புங்கள். பல நிறுவனங்களை ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

இடம் கிடைத்ததும் முதலில் கேட்க வேண்டியது, பயிற்சி ஒப்பந்தம் 'அப்ரெண்டிஸ்ஷிப் இந்தியா' தளத்தில் பதிவாகிவிட்டதா என்பது. 'முதலில் வேலைக்கு வரட்டும், காகிதம் பிறகு' என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு வேண்டியது பழகுநர் அல்ல, மலிவான ஆள். பதிவான ஒப்பந்தம் இல்லாமல் அகில இந்தியத் தொழில் தேர்வு எழுத முடியாது. அதில் தேறினால்தான் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ். வேலையிடத்தில் அடிபட்டால் நிறுவனத்திடம் இழப்பீடு கேட்கும்போதும் அந்த ஒப்பந்தம்தான் கைகொடுக்கும்.

இன்னொன்று. தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் அரசு தன் பங்காகப் பயிற்சித் தொகையில் 25 விழுக்காட்டை, மாதம் 1,500 ரூபாய் வரை, நேரே பையன் கணக்கில் போடுகிறது. ஆகவே நிறுவனம் 7,000க்குப் பதில் 5,500 மட்டும் தந்தால் உடனே சண்டைக்குப் போகாதீர்கள். முதலில் பாஸ்புக்கைப் பாருங்கள். அந்த 1,500 வரவில்லை என்றால், கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள்.