எனக்கு 16 வயது. வீட்டுக் கட்டுப்பாடு தாங்க முடியவில்லை. 18 ஆனதும் தனியாகப் போய்விட முடியுமா?

உயர்நிலை நான்கு படிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இரவு பத்து மணிக்கு அம்மா கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்கிறார், வாட்ஸ்அப்பைத் திறந்து படிக்கிறார், சனி ஞாயிறு முழுக்க டியூஷன், தோழிகளோடு ஒரு படம் பார்க்கக்கூட அனுமதி இல்லை. அதனால் 18 வயதுக்காக நாள் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

நானும் எண்ணினேன். மேசை இழுப்பறைக்குள் ஒரு சின்ன நாட்காட்டி ஒட்டி, ஒவ்வொரு மாதமும் முடிந்ததும் குறுக்கே கோடு போடுவேன். இப்போது எனக்கு 29. சிங்கப்பூரின் ஈசூனில் அதே மூவறை வீட்டில், அதே அப்பா அம்மாவோடுதான் இருக்கிறேன்.

சிரிக்காதீர்கள். 18 ஆனால் என்ன கிடைக்கும் என்று சொல்கிறேன். கார் ஓட்டப் பழகலாம். 2009இல் சட்டத்தைத் திருத்திய பிறகு பெரும்பாலான ஒப்பந்தங்களில் நீங்களே கையெழுத்துப் போடலாம். ஓட்டுப் போட 21 ஆக வேண்டும். வீடு என்றால், கல்யாணம் ஆகாதவர் தனியாக வீவக வீடு, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடு, வாங்க 35. அறை வாடகைக்கு எடுக்கலாம், ஆனால் வீவக வீட்டில் குறைந்தது ஆறு மாதத்துக்குத்தான் விட முடியும். பகுதி நேர வேலையில் வரும் காசு வாடகைக்கே போதாது. கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தால் 21 வயதிலேயே ஜோடியாகப் புது வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்பது உண்மைதான். அப்படித் தப்பித்த என் தோழி ஒருத்தி, வீடு கட்டி முடியும்வரை மாமியார் வீட்டில் இருந்தாள். அங்கே கைப்பேசியோடு சேர்த்து சமையலையும் சோதித்தார்கள்.

தஞ்சாவூரில் இருக்கும் என் மாமா பெண் கல்லூரிக்கென்று சென்னைக்குப் போய் விடுதியில் தங்கிவிட்டாள். நமக்கு அந்தச் சாக்கும் இல்லை. எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும் எம்ஆர்டி ரயிலிலும் பஸ்ஸிலுமாக ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது. "தினம் போயிட்டு வந்துடலாமே, எதுக்கு ஹாஸ்டல்?" என்று முடித்துவிடுவார்கள். ஓடிப்போக இந்தத் தீவில் தூரமே இல்லை. வேண்டியதை வீட்டுக்குள் இருந்துதான் வாங்க வேண்டும்.

எங்கள் வீட்டுச் சட்டம் உங்கள் வீட்டைவிடக் கொஞ்சம் மோசம். அண்ணன் கூடத்தில் மெத்தை போட்டுப் படுப்பான், அறை எனக்கு. ஆனால் கதவைச் சாத்தக் கூடாது. சாத்தினால் அப்பா தட்ட மாட்டார், நேராகத் திறப்பார்.

2011இல் உயர்நிலை மூன்றில் இருந்தபோது, பள்ளியில் கூடுதல் வகுப்பு என்று சொல்லிவிட்டு இரண்டு தோழிகளோடு புகிஸ் கடைத்தெருவுக்குப் போனேன். ஒரு பபிள் டீ குடித்தோம், கடைகளைச் சுற்றினோம், எதுவும் வாங்கவில்லை. ஐந்தரைக்கெல்லாம் வீடு. யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். அன்றிரவு பஸ், ரயில் கட்டணத்துக்கான என் ஈஸி லிங்க் கார்டை எடுத்துக்கொண்டு அப்பா கீழே போனார். காப்பிக் கடைக்குப் போகிறார் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். எம்ஆர்டி நிலையத்துக்கே போய் அங்குள்ள இயந்திரத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். பள்ளிக்கு நான் நடந்தே போகிறவள், சனிக்கிழமை டியூஷனுக்கு மட்டும்தான் பஸ். கார்டில் எவ்வளவு மீதி இருக்க வேண்டும் என்பது அவருக்குக் காசு சுத்தமாகத் தெரியும். திரும்பி வந்து, நான் தோசை தின்றுகொண்டிருந்த தட்டுக்குப் பக்கத்தில் கார்டை வைத்தார்.

"கூடுதல் வகுப்புக்கு ரயில்ல போனியா?"

அவ்வளவுதான். அடிக்கவில்லை, கத்தவில்லை. அடுத்த மூன்று மாதம் பள்ளி விடும் நேரத்துக்கு அம்மா வாசலில் நின்றார். அதற்கு இரண்டு அடி வாங்கியிருக்கலாம்.

அப்பா ஏன் இப்படி என்று வெகுநாள் கழித்துத்தான் கொஞ்சம் புரிந்தது. அவர் மூன்றாம் வகுப்பில் இருந்தது 1981. அந்த வயதிலேயே பிள்ளைகளைத் தரம் பிரித்த காலம் அது. அவரைப் படிப்பில் பின்தங்கியவர்களுக்கான ஒருமொழிப் பிரிவில் போட்டார்கள், பிறகு தொழிற்பயிற்சி. "ஒன்பது வயசுல ஒரு பரிட்சை, அதோட எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்று ஒருமுறை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார், என்னிடம் சொன்னதில்லை. அவர் கண்ணுக்கு ஒரு பபிள் டீ என்பது ஒரு மதிப்பெண் குறைவு. இப்போது நிலைமை வேறு. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்கள் முதல், மதிப்பெண் பார்த்துப் பிரிக்கும் எக்ஸ்பிரஸ், நார்மல் என்ற பிரிவுகளே கிடையாது. ஆனால் இதையெல்லாம் அப்பாவுக்கு விளக்கிப் பயனில்லை, நான் முயன்றிருக்கிறேன்.

அண்ணனுக்கு விடுதலை வேறு வழியில் வந்தது. 2013இல் தேசிய சேவை, ஆண்பிள்ளைகளுக்கான கட்டாய ராணுவப் பணி. தெக்கோங் தீவில் அடிப்படைப் பயிற்சி முடித்து மொட்டைத் தலையோடு வந்தவனை அப்பா எங்கே போகிறாய் என்று கேட்பதையே விட்டுவிட்டார். எனக்கு வயிறெரிந்தது.

"அண்ணனைத் துப்பாக்கியோட காட்டுல விட்டீங்க, என்னை ஆர்ச்சர்டு கடைத்தெருவுக்கு விட மாட்டீங்களா?"

"அவன் கவர்மெண்ட் பொறுப்பு. நீ என் பொறுப்பு."

இதற்கு என்ன பதில் சொல்வது? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சண்டையில் கிடைக்காதது பிறகு கொசுறு கொசுறாகக் கிடைத்தது. சுதந்திரம் வேண்டும் என்று கேட்பதை நிறுத்தினேன், அந்தச் சொல்லைக் கேட்டாலே அப்பா எழுந்து போய்விடுவார். ஒன்றே ஒன்று கேட்டேன்: சனிக்கிழமை டியூஷன் முடிந்து அங் மோ கியோ நூலகத்தில் ஏழு மணிவரை. கூட யார் வருகிறார்கள், எந்த பஸ்ஸில் திரும்புவேன் என்று அவர் கேட்பதற்கு முன்பே சொன்னேன். ஆறு ஐம்பதுக்கு வீட்டில் இருந்தேன். நான்கு வாரம் அப்படியே. ஐந்தாவது வாரம் எட்டு மணி கேட்டேன், தலையை ஆட்டினார். பாலிடெக்னிக் போனபின் ஒரு ரொட்டிக் கடையில் பகுதி நேர வேலைக்குச் சேர்ந்தேன், இரவு பத்தரை ஆனது. தப்பே செய்யாத நாம் எதற்கு இப்படி நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று ஆத்திரம் வரும். எனக்கும் வந்தது, நியாயமான ஆத்திரம்தான்.

கைப்பேசி விஷயத்தில் நான் பாதி உங்கள் அம்மா பக்கம். பத்து மணிக்கு வாங்கி வைப்பதில் பெரிய தவறு தெரியவில்லை, தூக்கமாவது மிச்சம். வாட்ஸ்அப்பைப் படிப்பது வேறு. "என்னை நம்ப மாட்டீங்களா" என்று ஆரம்பிக்காதீர்கள். "அது என் ஃப்ரெண்டு அவ வீட்டு விஷயத்தை என்கிட்ட சொன்னது. அவளுக்குத் தெரியாம நீங்க படிக்கலாமா, அம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த வீட்டு மானம் என்றால் நம் அம்மாக்கள் சற்று யோசிப்பார்கள். அப்புறம், பையன்கள் பெயரை 'கெமிஸ்ட்ரி டீச்சர்' என்று சேமிக்கும் வேலை வேண்டாம். செய்து பிடிபட்டவள் சொல்கிறேன்.

இவ்வளவும் கண்டிப்பான வீட்டுக்குத்தான். அடிக்கிறார்கள், பூட்டி வைக்கிறார்கள், சாப்பாடு தருவதில்லை என்றால் பொறுமையாக ஏழு மணி, எட்டு மணி என்று பேரம் பேசிக்கொண்டிருக்காதீர்கள். பள்ளி ஆலோசகரிடம் போங்கள், அல்லது 1800-777-0000 எண்ணை அழையுங்கள். வீட்டு வன்முறைக்கான உதவி எண் அது, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

என் நிலவரம் கேட்டால், இப்போது என் அறைக் கதவு சாத்தியிருந்தால் அப்பா தட்டுகிறார். தட்டிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் திறந்துவிடுகிறார்.