பழைய ரெஜிஸ்டரை எடைக்குப் போடலாமா?

கேள்வி: கஞ்சிக்கோட்டில் அப்பா நடத்திய கேஸ்கெட் (மெஷின் இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் தகடு) பட்டறையை 2009-ல் மூடிவிட்டோம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை மெஷினில் வெட்டும் வேலை. 14 பேர் இருந்தார்கள், பாதிப் பேர் பொள்ளாச்சிப் பக்கத்து ஆட்கள். இப்போது ஷெட்டை விற்கிறேன். பீரோ நிறைய மஸ்டர் ரோலும் (ஆட்களின் வருகைப் பதிவேடு) எக்ஸ்ரே கவர்களும் கிடக்கின்றன. மூடி 15 வருஷம் தாண்டிவிட்டதால் பழைய பேப்பர் கடைக்குப் போடலாமா? – கொழிஞ்சாம்பாறை வாசகர்

பதில்: போடாதீர்கள். 15 வருஷம் என்று நீங்கள் கேள்விப்பட்டது பாதி விஷயம்தான்.

1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆஸ்பெஸ்டாஸ் தொழில்களுக்குப் போட்ட உத்தரவு இது: ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டு, இதில் எது பிந்தி வருகிறதோ அதுவரை வைத்திருக்க வேண்டும். பட்டறை மூடிய தேதியை மட்டும் வைத்து எல்லோருக்கும் ஒரே கணக்குப் போட முடியாது. கணக்கு ஆளுக்கு ஆள் மாறும்.

உதாரணமாக, 1978-ல் சேர்ந்து 2009 வரை இருந்தவரின் கெடு 2024-லேயே முடிந்துவிட்டது. 1992-ல் சேர்ந்து 2001-ல் நின்றவருக்கு 2032. 2006-ல் வந்து மூன்றே வருஷம் வேலை பார்த்த பையனுக்கு 2046! கடைசியாக வந்தவருக்குத்தான் நீண்ட கெடு. முதலில் 14 பேரையும் எழுதி, எதிரே இந்தத் தேதியைப் போடுங்கள்.

இத்தனை வருஷம் எதற்கு என்று தோன்றும். ஆஸ்பெஸ்டாஸ் (கல்நார்) தூசி நுரையீரலில் தங்கிவிட்டால், அதனால் வரும் நோய் வெளியே தெரிய 20, 30 வருஷம் ஆகலாம். மீசோதீலியோமா என்ற புற்றுநோய்க்கு 40 வருஷம்கூட ஆவதுண்டு. அப்போது கிணத்துக்கடவில் ஒரு டாக்டர் முன்னால் மூச்சு வாங்க உட்கார்ந்திருப்பவருக்கு, 'இவர் இந்த வருஷம் முதல் இந்த வருஷம் வரை ஷீட் வெட்டினார்' என்ற வரிதான் பெரிய சாட்சி. வேலை விவரம் தெரியாமல் எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து ஆஸ்பெஸ்டோசிஸ் (இந்தத் தூசியால் வரும் நுரையீரல் நோய்) என்று சொல்வது கஷ்டம். டிபி என்று மருந்து சாப்பிட்டுக் காலம் தள்ளியவர்கள் உண்டு. ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆஸ்பெஸ்டோசிஸ் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் வேலையை நிரூபிக்காமல் பணம் வராது.

சரி, எதை வைப்பது? எக்ஸ்ரே, மூச்சுப் பரிசோதனைத் தாள், டாக்டர் குறிப்பு ஆகியவை கட்டாயம். மஸ்டர் ரோலையும் சேர்த்து வையுங்கள் என்பது என் யோசனை. யார் வெட்டினார், யார் பேக்கிங் செய்தார் என்பது அதில்தான் தெரியும். காற்றில் தூசி அளந்த ரிப்போர்ட் இருந்தால் அதுவும். மூச்சுப் பரிசோதனைத் தாளை முதலில் கவனியுங்கள். அது பெரும்பாலும் பஸ் டிக்கெட் மாதிரியான தெர்மல் தாள், சில வருஷத்தில் வெளுத்துவிடும். இன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள். பாலக்காட்டு மழையில் எக்ஸ்ரே பிலிம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; நடுவில் காகிதம் வைத்து, ஸ்கேனும் செய்துவிடுங்கள்.

தன் பதிவைப் பார்ப்பது தொழிலாளியின் உரிமை. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987 திருத்தத்தில் தொழிற்சாலைச் சட்டத்தின் 41சி பிரிவாக அது வந்தது. 2025 நவம்பர் முதல் அமலில் உள்ள புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பிலும் இந்தக் கடமை தொடர்கிறது. ஆகவே ஆளுக்கொரு நகல் கொடுத்துவிடுங்கள். பொள்ளாச்சிக்காரர்களுக்கும்தான், பட்டறை கேரளத்தில் இருந்ததால் பொறுப்பு உங்களுடையது, அவர்கள் எந்த மாநிலத்தில் குடியிருந்தாலும் சரி. பாலக்காடு ஃபாக்டரீஸ் அண்ட் பாய்லர்ஸ் (தொழிற்சாலைகளைக் கண்காணிக்கும் துறை) அலுவலகத்துக்கு, பதிவுகள் இனி எந்த முகவரியில் இருக்கும் என்று ஒரு கடிதம் எழுதி, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், பத்திரம் முடியும் முன்பே அந்த பீரோவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஷெட்டை வாங்குகிறவர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் எடைக்குப் போட்டுவிடுவார்.